முன்பு வேலை பார்த்த இடம்

சாமி, உன் போர்வெல் வண்டி இப்போது சத்தீஸ்கரில் எந்த ஊரில் நிற்கிறதென்று தெரியாமலே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் வண்டிக்குத் துளை போடும் பிட் ஏற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஒரு வேன் கிளம்புகிறதாம். அந்த டிரைவர் நமக்குப் பழக்கமானவர். கொடுத்தால் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நான் போன் போட்டால் "நல்லா இருக்கறன், அம்மாகிட்டக் குடுங்க" என்கிறாய். அதற்கு மேல் பேச எனக்கும் தைரியம் வருவதில்லை. இன்ஜினியரிங் படித்து, முட்டை பிரிக்கும் இயந்திரத்தை வரைந்து செய்த பிள்ளை நீ, இன்றைக்கு யாரோ ஒருவர் காட்டில் தூசிக்கு நடுவே நின்று டீசல் கணக்குப் பார்க்கிறாய். உன்னை அங்கே தள்ளியது உன் பழைய முதலாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாதியில் கோபம் வந்து கிழித்துப் போடத் தோன்றினாலும், கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

நான் லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்து பேசியே பிழைத்தவன். எந்த வண்டி எங்கே காலியாக நிற்கிறது, யார் வீட்டு லோடு எப்போது கிளம்புகிறது என்று முதலில் தெரிந்துகொள்வதும், தெரிந்ததை நாலு பேரிடம் சொல்வதும்தான் என் தொழில். வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கே ஒரு வண்டி கிளம்பாது. அந்தப் பழக்கம் ஆபீசோடு நிற்காமல் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உன் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, நீ மார்க்கைச் சொல்லி முடிப்பதற்குள் நான் நாமகிரிப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பையனுக்கு டாக்டர் சீட் கிடைத்த மாதிரிதான் என்று டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீ பயாலஜியே எடுத்துப் படிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்கப்புறம் ரொம்ப நாள் உன்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னுங்க டாக்டரு, எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேலி செய்தார்கள். நீ தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை மிதித்துப் போனாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ உன் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் இருப்பது உனக்குத் தானாகவே வந்தது.

நாமக்கல் ரோட்டில் கோழிப்பண்ணைகளுக்கு இயந்திரம் செய்யும் அந்தக் கம்பெனியில் நீ சேர்ந்த அன்று, ஒரு கட்டுக் காகிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னாய். என்ன காகிதம் என்று கேட்டேன். "ரகசிய ஒப்பந்தமுங்கப்பா. அங்க என்ன செய்யறோம், ஆருக்குச் செய்யறோம்னு வெளிய சொல்லக்கூடாது" என்றாய். "கூண்டு செய்யறதுல என்னடா ரகசியம், கோழிக்குத் தெரிஞ்சுருமா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ஐந்து வருஷம் அங்கே இருந்தாய். அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் வீட்டில் வாயைத் திறந்தாய். முட்டையை மெல்லத் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே விரிசல் விட்டதைக் கண்டுபிடித்துத் தனியே தள்ளும் இயந்திரம் அன்றைக்குத்தான் சரியாக ஓடியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசையாமல், தட்டு விளிம்பை விரலால் தட்டித் தட்டிக் காட்டி உன் அம்மாவுக்கு விளக்கினாய். ஆந்திராவில் எந்தப் பண்ணைக்குப் போகிறது என்பதையும் சொன்னாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க எங்கியும் சொல்லிப்போடாதீங்க" என்றாய். அத்தனை சந்தோஷத்திலும் உனக்கு என்னைப் பற்றி நினைவு இருந்தது. எனக்கு லேசாக வருத்தமாகக்கூட இருந்தது.

உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தபோதுதான் எல்லாம் கெட்டது. நம் பக்கம் பையனுக்குப் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது என்பது உனக்குத் தெரியும். ராசிபுரத்தில் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கும் தங்கவேலுவிடம் உன் ஜாதகத்தையும், நீயே டைப் செய்து கொடுத்த பயோடேட்டாவையும் கொண்டு போனேன். வேலை என்ற இடத்தில் கம்பெனி பெயரும் "வடிவமைப்புப் பொறியாளர்" என்ற இரண்டு வார்த்தையும் மட்டும் போட்டிருந்தாய். தங்கவேலு அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஏனுங்ண்ணா, இப்பிடி மொட்டையா இருந்தா ஆரு கேப்பாங்க? ஏதோ பட்டறையில வெல்டிங் அடிக்கறான்னு நெனச்சுக்குவாங்க. பையன் என்ன சாதிச்சான்னு ரெண்டு வரி சேத்தோணுமுங்க" என்றான். எனக்குச் சுருக்கென்று பட்டது. என் பிள்ளையை எவனாவது வெல்டிங் அடிக்கிறவன் என்று நினைப்பதா? அங்கேயே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவன் டைப் செய்தான். விரிசல் முட்டையைச் சத்தத்தாலேயே கண்டுபிடிக்கும் இயந்திரம் செய்தவர் என்று ஒரு வரி. ஆந்திராவின் இன்ன பண்ணைக்காக என்று பெயரோடு இன்னொரு வரி. நீலச் சட்டையில் நீ சிரிக்கும் போட்டோவுக்குக் கீழே அந்த இரண்டு வரியும் எடுப்பாக இருந்தன. சாயங்காலத்துக்குள் அது கோயமுத்தூரிலிருந்து ஆத்தூர் வரைக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றிவிட்டது. எத்தனை போன் வந்தது தெரியுமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெருந்துறைப் பக்கம் ஒரு பெண் வீடு ஜாதகம் பொருந்துகிறது என்று சொன்னதை நான் உன்னிடம் சொல்லியிருந்தேன். அந்தப் பெண்ணின் தாய்மாமன் இதே மாதிரி இயந்திரம் செய்கிறவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் நட்சத்திரத்தையும் ராசியையும் பார்க்கவில்லை, நான் சேர்த்த இரண்டு வரியைத்தான் பார்த்தார். நேரே ஆந்திராவுக்குப் போய் விலையைக் குறைத்துச் சொல்லி, உங்கள் கம்பெனிக்கு வர இருந்த ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று உன் முதலாளி அந்தப் பண்ணைக்காரர்களைக் கேட்டபோது, அந்தத் தாய்மாமன் அவர்களிடம் காட்டியிருந்த உன் பயோடேட்டாவையே போனில் அவருக்கு அனுப்பிவைத்தார்கள். கல்யாணத்துக்குப் போட்ட பயோடேட்டா உன் வேலைக்கு எமனாக வந்தது. அவர் உன்னைக் கூப்பிட்டு இதை யார் எழுதியது என்று கேட்டிருக்கிறார். நீ என் பெயரைச் சொல்லவே இல்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். பத்து நாள் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் விளங்கியது. நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்கப்பா, போனது போச்சு" என்றாய். அதை எப்படித் தாங்குவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த நோட்டீசைப் பார்த்ததும் எனக்குப் பிடித்த பயம் சாதாரணப் பயமில்லை. எல்லாம் இங்கிலீஷ். தங்கவேலுவின் மருமகன் படித்துச் சொன்னதில் என் மண்டைக்குள் போனது, கம்பெனியைப் பற்றி எதுவும் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்பது மட்டும்தான். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியின் பெயரை நம் வீட்டில் நான் உச்சரிக்கவே இல்லை. நாமக்கல் பஸ்ஸில் போனால்கூட அந்த போர்டு வரும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். நீ வேலை தேடுவதற்காக ரெஸ்யூமே டைப் செய்துகொண்டிருந்தபோது பின்னால் வந்து எட்டிப் பார்த்தேன். முன்பு வேலை பார்த்த இடம் என்று போட்டு அந்தப் பெயரை எழுதியிருந்தாய். "சாமி, அதை எடுத்துரு. வேண்டாம்" என்றேன். நீ நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எனக்குப் பொறுமையாகச் சொன்னாய். "அப்பா, பேரச் சொல்லலாமுங்க. எந்த வருசத்துல இருந்து எந்த வருசம் வரைக்கும், என்ன பதவி, இதெல்லாம் சொல்லலாம். பண்ணைக்கு மிஷின் வரைஞ்சேன்னு பொதுவாச் சொல்லலாம். எந்த மிஷின், ஆருக்கு, எப்பிடின்னுதான் சொல்லக்கூடாது. கையெழுத்துப் போட்ட பேப்பர மறுபடியும் படிச்சுப் பார்த்துட்டேன். இன்டர்வியூல நோண்டிக் கேட்டா, சொல்றதுக்கு அனுமதியில்லீங்கன்னு சொல்லிருவேன். அவங்க ரகசியத்தையும் நாளைக்கு இப்பிடித்தான் காப்பாத்துவான்னு நெனச்சுக்குவாங்க" என்றாய். நான் தலையை ஆட்டினேன். மண்டையில் ஏறவில்லை. பயந்தவன் காதில் நியாயம் எங்கே விழும்?

கோயமுத்தூர் கம்பெனியில் உனக்கு வேலை கிடைத்தது. பம்ப் செய்கிற பெரிய இடம். ஆர்டர் மெயில் வந்த அன்று உன் அம்மா சாமிக்கு விளக்கு வைத்துவிட்டு உன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பழைய விவரங்களை ஒரு தடவை விசாரித்துவிட்டுச் சேரச் சொல்வார்கள் என்று நீ சொன்னாய். நீ சேலத்துக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு ஆள் பைக்கில் வந்து வாசலில் நின்றார். வெறும் விசாரணைதான் என்றார். வீட்டைப் போட்டோ எடுத்தார். நீ இங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டார், ஆமாம் என்றேன். "பையன் இதுக்கு முன்னால எங்கீங்க வேலை பாத்தாரு?" என்றார்.

சாமி, அந்த ஆளை நான் வக்கீல் அனுப்பிய ஆள் என்று நினைத்தேன். என் வாயைக் கிளறி அந்தப் பெயரை வரவழைத்து, அதை வைத்துக் கேஸ் போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோயமுத்தூர்க்காரர்கள் விசாரிப்பார்கள் என்று நீ சொன்னது அந்த நிமிஷத்தில் என் ஞாபகத்துக்கே வரவில்லை. "எங்கியும் வேலைக்குப் போகலீங்க. படிச்சு முடிச்சதுல இருந்து ஊட்டுலதான் இருக்கறான். எங்க மச்சாங்காட்டுல மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு இருக்கறான்" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க" என்றார். "இதுல ரோசன என்னுங்க, என் பையன எனக்குத் தெரியாதா?" என்றேன். போனை நீட்டினார், கண்ணாடியின் மேல் விரலால் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகு எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, அவன் கோயமுத்தூர்ல அந்தப் பேரத்தான எழுதிக் குடுத்துருக்கறான்?" என்றாள். "உனக்கு என்ன தெரியும், பேசாம இரு" என்றேன். அன்றே உன்னிடம் சொல்லியிருந்தால் மறுநாளே நீ பேசிச் சரிசெய்திருப்பாய். அவள் இரண்டு தடவை சொல்லப் போனாள், நான்தான் கண்ணைக் காட்டித் தடுத்தேன். அவள் மேல் கோபப்படாதே.

கொடுத்த விவரமும் விசாரித்த விவரமும் ஒத்துப்போகவில்லை என்று சொல்லி, கோயமுத்தூர்க்காரர்கள் வேலை இல்லை என்றுவிட்டார்கள். அதை நீ படித்துக் காட்டியபோதுதான், பைக்கில் வந்தவர் யாரென்று எனக்கு விளங்கியது. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தாளுதான், பழி வாங்கிட்டான். நான் அங்க வேலையே பாக்கலன்னு சொல்லியிருக்கறான்" என்று சொல்லிவிட்டு உன் பழைய முதலாளிக்குப் போன் போட்டாய். நீ அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஐந்து வருஷம் ஐயா ஐயா என்று மரியாதையாகப் பேசிய மனிதரை அவன் இவன் என்று ஒருமையில் திட்டினாய். நான் பக்கத்து அறையில் நின்று முழுவதையும் கேட்டேன். நாலு எட்டு வைத்து வந்து உன் கையிலிருந்த போனைப் பிடுங்கியிருந்தால் போதும். வரவில்லை. அன்று ராத்திரியே ரெஸ்யூமேயில் அந்த ஐந்து வருஷத்தையும் அழித்துவிட்டாயாம். "இனி அந்தப் பேரே என் வாழ்க்கையில வேண்டாம்" என்றாயாம், உன் அம்மா சொன்னாள். அழித்த பிறகு போன இடங்களில் எல்லாம், படித்து முடித்து இத்தனை வருஷம் என்ன செய்தாய் என்று கேட்டார்கள். நீ என்ன பதில் சொல்வாய்? கடைசியில் போர்வெல் வண்டிக்கு மேனேஜராகக் கிளம்பினாய். அங்கே மட்டும்தான் முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்கவில்லையாம்.

வண்டி வேலையை நான் குறைவாகச் சொல்லவில்லை. நம் ஊரில் எத்தனை குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ அதற்காகத் தட்டை விரலால் தட்டியவன் இல்லை. இப்போதெல்லாம் நான் ஆபீசுக்குப் போய் உட்காருகிறேன், போன் அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. எதைச் சொன்னால் யார் கெடுவார்கள், எதைச் சொல்லாமல் விட்டால் யார் கெடுவார்கள் என்று எனக்குப் புரியாமல் போய்விட்டது. தங்கவேலு இன்னும் வரன் அனுப்பிக்கொண்டிருக்கிறான், நான் திறந்து பார்ப்பதில்லை. அந்தக் குழுக்களிலேயே நடந்ததை எழுதிப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். உன்னைக் கேட்காமல் இனி ஒரு எழுத்தும் வெளியே போகாது. நீ போடச் சொன்னால், இந்தக் கடிதத்தை அப்படியே போடுகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அதுவும் நீ எனக்குச் சொன்னதுதான். அந்தப் பெயரைத் திரும்ப எழுது. வருஷத்தைப் போடு, பதவியைப் போடு, மற்றதைச் சொல்ல அனுமதி இல்லை என்று சொல். நீ ஒன்றையும் திருடவில்லை, ஒளிய வேண்டிய காரியம் எதுவும் நீ செய்யவில்லை. வாயைத் திறந்தும் மூடியும் உன்னைக் கெடுத்தவன் நான். உனக்கு நாளைக்குப் பிள்ளை பிறந்தால், அவன் எதையாவது சொல்லி வெளியே சொல்லாதீர்கள் என்றால், அதோடு நிற்காமல், யார் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள். நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நீ நினைப்பாயோ என்று வெட்கமாக இருந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எழுத முடியாமல் கிடந்தது. போன வாரம் நான் உன் பழைய முதலாளியைப் பார்க்கப் போனேன். நீ திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, ரொம்பச் சோர்ந்திருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார். "பையன் அன்னைக்கு அப்பிடிப் பேசினதுல எனக்கு மனசே ஒடஞ்சு போச்சுங்க. ஆர்டர் போனதுகூட எனக்குப் பெருசில்லீங்க, நோட்டீசு வக்கீல் சொன்னாருன்னு அனுப்புனதோட சரி. கோயமுத்தூர்ல இருந்து எங்கிட்டயும் கேட்டாங்க. அஞ்சு வருசம் இங்கதான் இருந்தான், கைசுத்தம், நல்ல வேலைக்காரன்னு எழுதி அனுப்பிச்சேன். அவன் போனத நெனச்சு நானே சங்கடப்பட்டுட்டு இருந்தேன். ஊட்டுல போயி விசாரிச்சப்ப, பையன் எங்கியும் வேலையே பாக்கலன்னு சொல்லியிருக்கறாங்களாம். நான் பொய் எழுதிக் குடுத்தேனான்னு அவங்க என்னையவே திருப்பிக் கேட்டாங்க. இனிமே ஆராச்சும் வந்து கேட்டாலும் அவனைப் பத்தி நான் ஒண்ணும் எழுதிக் குடுக்கறதா இல்லீங்க" என்றார். பிறகு, "ஏனுங்க, உங்க ஊட்டுல ஆருங்க அப்பிடிச் சொன்னது?" என்று கேட்டார்.

தெரியலீங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த மனிதருக்கு இன்னும் தெரியாது. உனக்கும் இதைப் படிக்கும் வரை தெரியாது. அவருக்குப் போன் போட்டு, எங்கப்பாதான் சொன்னார் என்று சொல். என்னால் முடியவில்லை, சாமி.